கல்லை எடுக்க வந்தவன்

என் மகன் இந்த வீட்டிலிருந்து தன் சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துப் போனான். வேறு ஊரில் ஒரு பெரிய ஹோட்டலில் சமையல்காரன். முதலில் துணிமணி, அப்புறம் சைக்கிள், அப்புறம் மேசை விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை வந்தான். கடைசியில் மிச்சம் இருந்தது தோசைக்கல் மாதிரி ஓர் இரும்புக் கல். கைப்பிடி வைத்தது, மெல்லிசு. க்ரேப் சுடுவதற்கென்றே முதல் சம்பளத்தில் வாங்கினான். க்ரேப் என்றால் வெள்ளைக்காரர்களின் மைதா தோசை, காகிதம் மாதிரி மெல்லிசாக இருக்கும்.

போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டான். "தேடிப் பாக்குறேன்டா, எங்க வச்சேன்னே தெரியல" என்றேன். வாய் கூசாத பொய். கல் அடுப்பு மேலேயே உட்கார்ந்திருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் இந்த வீட்டில் அவனுக்கு என்ன வேலை? வேலை இருந்தால் வருவான், முடிந்தால் போவான். அவன் அப்பாவும் அதே ரகம்தான். அந்த மனுஷன் செத்ததுகூட அவசரமாகத்தான்.

மூன்றாவது தடவை, "நீ தேட வேணாம்மா, ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். சும்மாவா சொன்னார்கள்!

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு யோசனை செய்தேன். அவன் வரும் நேரம் பார்த்து க்ரேப் சுட ஆரம்பித்துவிட வேண்டியது. அவன் கிளம்பும்வரை கல் அடுப்பை விட்டு இறங்கக் கூடாது. கொதிக்கிற கல்லைப் பையில் போட முடியுமா? தண்ணீர் ஊற்றி ஆற்றவும் முடியாது, வளைந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். சரி, அடுத்த தடவை எடுத்துக்கிறேன் என்று போய்விடுவான். அப்படியென்றால் அடுத்த தடவை என்று ஒன்று இருக்கும். எனக்கு அது போதும்.

ஞாயிறு காலையில் மாவு கரைத்தேன். மைதா, முட்டை, பால், ஒரு சிட்டிகை உப்பு, உருக்கிய வெண்ணெய். கட்டி தட்டாமல் அடித்து, கரண்டியில் எடுத்தால் ஓடி விழ வேண்டும். எனக்கு மட்டும் என்றால் ஒரு கிண்ணம் போதும். அன்றைக்குப் பெரிய பாத்திரம் நிறைய. எதிர் நாற்காலியில் குவிந்து கிடந்த துணியைக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டேன். நான் வேலை பார்ப்பது திரைச்சீலைக் கடையில். தைத்து முடியாததை வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஆள் உட்காராத நாற்காலியில் வேறென்ன உட்காரும்?

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி வந்தான்.

"கூட வேலை பாக்கறவன் வண்டிம்மா. கீழ நிக்குது. கல்லு கெடச்சுதா?"

"கெடச்சுது. அடுப்புல இருக்கு பாரு. உக்காரு, சாப்பிட்டுட்டுப் போவ."

உட்காரவில்லை. ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டான். "நின்னே சாப்பிட்டுப் பழகிருச்சும்மா. எங்க கிச்சன்ல யாரும் உக்கார்றதில்ல."

முதல் க்ரேப் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. முதலாவது எப்போதுமே அப்படித்தான், கல் சூடு பிடித்திருக்காது. அதைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டான். இரண்டாவதுக்கு ஒரு கரண்டி மாவை ஊற்றி, கல்லைத் தூக்கி மணிக்கட்டால் ஒரு சுழற்று சுழற்றினேன். மாவு விளிம்புவரை ஓடிப் பரவியது. ஓரம் பொன்னிறமாகிக் கிளம்பியதும் இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் போட்டேன். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"ஏம்மா, இது எப்பக் கத்துக்கிட்ட? எங்க செஃப்புக்கே இப்படி மெல்லிசா வராது."

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேற என்ன வேலை? சுடுவேன்."

"யாருக்கு?"

கேள்வியைப் பாருங்கள். "ஊருக்கே பந்தி போடுறேன். எனக்குத்தான்டா."

சர்க்கரையைத் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். தின்றான். அடுத்ததையும் தின்றான். நான் சுட்டுக்கொண்டே இருந்தேன். அவன் மெல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததே, அதற்காகவே அன்று முழுக்கச் சுட்டிருப்பேன். நடுவில் குனிந்து கல்லை உற்றுப் பார்த்தான். கறுகறுவென்று மின்னியது, துரு இல்லை, தூசி இல்லை. வாரம் தவறாமல் எண்ணெய் தடவி வைத்த கல். காணாமல் போன கல் அப்படி இருக்குமா? அவன் என்னைப் பார்த்தான். நான் மாவைக் கலக்கினேன்.

கீழே ஹாரன் அடித்தது.

மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "கல்லு கொதிக்குதுடா. இத எப்படிப் பையில போடுவ? அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கோ."

கையைக் கழுவித் துடைத்துவிட்டு என் தோளில் கை வைத்தான். எத்தனை மாதத்துக்கு அப்புறம்!

"வேணாம்மா. நீயே வச்சுக்கோ."

"என்னது?"

"எனக்கு இப்பத்தான் புரியுது. உனக்கு இது புடிச்சுப் போச்சு. கேக்கக் கூச்சப்பட்டு மறைச்சு வச்சிருக்க. லூசு அம்மா. நான் புதுசு வாங்கிக்கிறேன், போ. இதுக்காக இனிமே உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். என் பிள்ளை தங்கமானவன். கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிவிட்டான்.

மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "டேய், அது உன்னோடதுடா! அடுத்த வாரம் வந்து எடுத்துட்டுப் போ!" சும்மாவே வாடா, என்னைப் பார்க்க வாடா என்று ஒரு வார்த்தை. அது வாயில் வரவில்லை. கல்லு, கல்லு என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன்.

கீழிருந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "வேணாம்மா! உனக்குத்தான் நல்லா வருது!"

வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தேன். அடுப்பை அணைக்காமல் போயிருந்தேன், கல் புகைந்துகொண்டிருந்தது. மாவு பாதிப் பாத்திரம் மிச்சம். தீயைக் குறைத்து, ஒரு கரண்டி ஊற்றிச் சுழற்றினேன்.

நன்றாகத்தான் வந்தது.