நிற்கிற லிஃப்டில் முட்டையிடும் கிருமி

ஒரே ஒரு வேப்பிலைக் கொத்தால், பதினோரு மாடிக் கட்டடத்தை மத்தியானத்துக்குள் காய்ச்சலில் படுக்கவைத்தவன் நான். நம்பாதவர்கள் கழக்கூட்டம் என்ற மலையாளத்து ஊரில் எங்கள் குடியிருப்புக்கு வந்து விசாரிக்கலாம். பக்கத்து வீட்டுப் பத்மகுமாரிடம் மட்டும் விசாரிக்க வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் வைரஸோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். நான் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கொஞ்சம் கூட்டிச் சொல்வது தொழில் பழக்கம். நான் எதைச் சொன்னாலும் அவர் கழித்துக்கொண்டுதான் கேட்பார்.

அன்று காலையில் என் மனைவி வடிவம்மாளின் கழுத்தில் கொப்புளங்கள் தெரிந்தன. "அம்மை போட்டிருக்கு. வாசல்ல வேப்பிலை கட்டுங்க" என்றாள். கேட்டருகே நிற்கும் வேப்பமரத்தில் ஒடித்து, எங்கள் ஏழாம் மாடி வாசலில் கட்டினேன். எங்கள் நாஞ்சில்நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே வராதே.

எதிர்வீட்டு ஐ.டி. தம்பதி வினீத்தும் ஷில்பாவும் அதைக் கவசம் என்று எடுத்துக்கொண்டு தாங்களும் ஒன்று கட்டினார்கள். அதைப் பார்த்து மேல்மாடி கட்டியது. மேல்மாடியைப் பார்த்துக் கீழ்மாடி கட்டியது. மரம் மொட்டை, சத்தியமாகச் சொல்கிறேன், காக்கைக்கு நிழல் இல்லை.

பத்மகுமார் ஒருமுறை எனக்குப் பாடம் எடுத்திருந்தார். "அண்ணாச்சி, வைரஸுக்கு சொந்தமா ஒரு ஜீவிதம் இல்ல. வேறொருத்தன் செல்லுக்குள்ள கேறி, அவனைக்கொண்டே தன்னோட காப்பி எடுக்கும். அவ்வளவுதான்." வேப்பிலை அதைத்தான் செய்தது. போகிற வழியில் உருவமும் மாறியது. ஐந்தாம் மாடியில் அம்மையாக இருந்தது, எட்டாம் மாடியில் வௌவால் காய்ச்சலானது. பதினோராம் மாடியில் இன்னும் பெயர் வைக்கப்படாத நோய். மூன்றாம் மாடி ரத்னாபாய்க்குத் தொண்டை கட்டியது. சங்கச் செயலாளர் மஹேஷுக்குக் குளிர்நடுக்கம். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் படம் போட்டார்கள். நான் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன்.

மத்தியானம் சிரிப்பு நின்றது. வடிவுக்கு மூச்சு இழுத்தது. "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி..." என்றாள். மிச்சத்தைச் சொல்ல மூச்சில்லை. உதடு நாவல்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆக்ஸிஜனைத் தோளில் சுமந்து ஒருவர் படியேறி வந்தார். குழாயை அவள் மூக்கில் பொருத்திவிட்டு, "மாமா, லிஃப்ட் வேணும். ஸ்டெப்பு வளைவுல ஸ்ட்ரெச்சர் திரியாது. வேகம்" என்றார்.

லிஃப்ட் பொத்தானில் விளக்கு இல்லை. நோய் பரவக் கூடாதென்று மஹேஷ் அதை அணைத்து, சாவியோடு வீட்டுக்குள் பூட்டிக்கொண்டிருந்தான். போனை எடுக்கவில்லை.

கதவு கதவாகத் தட்டினேன். ஒவ்வொரு கதவிலும் வேப்பிலை. நடுவில் பார்வைத் துளை. அதற்குப் பின்னால் வெளிச்சம் மறைவது தெரிந்தது. யாரோ வந்து நின்று, மூச்சடக்கி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. பத்மகுமாரின் கதவிலும் கொத்து தொங்கியது.

"பத்மகுமாரே! வடிவு போயிருவா வே! கதவத் தொறயும்!"

உள்ளே செருப்பு உரசியது. தாழ்ப்பாள் அசையவில்லை. பின்னால், என் வீட்டுக்குள், அவள் மூச்சு கிழிந்த துணிபோல இழுபட்டது.

அழுது பயனில்லை. அந்த வேப்பிலையைவிட வேகமாக ஓடுகிற ஒன்று வேண்டும். ரத்னாபாயைப் போனில் பிடித்தேன்.

"ரத்னா, யாருட்டயும் சொல்லிராத. இந்தக் கிருமி நிக்கிற லிஃப்டுலதான் முட்டையிடுமாம். ஓடுற லிஃப்டுல ஒட்டாதாம்."

"ஐயோ அண்ணே! நிப்பாட்டி ரெண்டு மணிக்கூர் ஆச்சே! பொரிச்சிருக்குமோ?"

"இன்னும் இல்ல. பொரிக்கப் போகுது. யாருட்டயும் சொல்லாத, கேட்டியா?"

போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள் அந்தச் செய்தி என் போனுக்கே வந்துவிட்டது. வந்த முட்டைக்குச் சிறகு முளைத்திருந்தது: பொரிந்ததும் வீடு வீடாகப் பறந்து வருமாம். கீழே ஒரு கதவு படாரென்று திறந்தது, பிறகு இன்னொன்று. "எடா மஹேஷே, லிஃப்டைப் போடுடா!" என்று மாடிக்கு மாடி அலறினார்கள். லிஃப்ட் கயிறு முனகியது. பொத்தானில் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

அம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டர். "கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் போய்விட்டார். வடிவு பிழைத்து வீடு வந்தாள்.

அதிலிருந்து இந்தக் கதையை நான் சொல்லாத நாளில்லை. முட்டை இப்போது பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பத்மகுமார் ஒவ்வொரு தடவையும் வெட்டுவார்: "பச்சப் பொய். மஹேஷ் அவனாவே மனசு மாறி லிஃப்டைப் போட்டான். படிச்ச ஆளுங்க வீடு வச்சுத் தாமசிக்கிற கட்டடம் இது. முட்டையாம்!"

நேற்றும் அப்படித்தான் வெட்டினார். காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு வடிவு அங்கேயே நின்றாள். கழுத்தில் தழும்புகள் இன்னும் மறையவில்லை.

"உங்க கதவுக்குப் பின்னால செருப்புச் சத்தம் கேட்டுதுன்னு இவுக சொல்லுதாக. அதுவும் பொய்தானா, சாரே?"

பத்மகுமார் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான்தான் நின்னது, சேச்சி. கை தாழ்ப்பாள்லதான் இருந்தது. இழுக்க வரல. எனக்கு அன்னைக்கு நூத்தியொண்ணு காய்ச்சல். சேச்சி புறப்பட்டுப் போன அந்த நிமிஷமே இறங்கிடுச்சு."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த முட்டை மெசேஜ் வந்ததில்லையா... அதுக்குச் சிறகு வச்சு அனுப்பினதே நான்தான், அண்ணாச்சி. நடந்தது. நீங்க சொன்னதெல்லாம் நடந்தது."