சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு கேள்வி மேசை

பட்டம் வாங்கிய கையோடு லின்னியாவுக்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம், படித்த கல்லூரியிலேயே ஒரு வருஷத்து நூலக ஃபெல்லோஷிப்தான். மினசோட்டாவின் வடக்கே ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சின்னக் கல்லூரி அது. படிக்கிற பிள்ளைகளும் புதிதாகப் படித்து முடித்தவர்களும் நூலக வேலையை உள்ளே புகுந்து பழகிப் பார்க்க ஏற்படுத்திய திட்டம். வேலையோடு சொந்தமாக ஏதாவது ஒரு முயற்சியும் செய்து காட்ட வேண்டும்.

லின்னியாவை வாசலுக்கு நேரே, 'எதுவும் கேட்கலாம்' என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவன் கழிப்பறைக்கு வழி கேட்டான். ஒருத்தி ஸ்டேப்ளர் வாங்கிப்போனாள், அதையும் திருப்பித் தரவில்லை.

முதல் பனி விழுந்த வாரம் அவள் தலைமை நூலகர் மர்லிஸிடம் போய் நின்றாள்.

"மர்லிஸ், மேசையைத் தூக்கிட்டுச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போயிடட்டுமா? அங்கதான் எல்லாரும் இருக்காங்க."

மர்லிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "போயேன். இங்க உக்காந்து கொட்டாவி விடறதுக்கு அது தேவலை. சூப்பை மட்டும் கம்ப்யூட்டர் மேல கொட்டிடாத."

அன்று மதியமே இறைச்சியும் உருளைக்கிழங்கும் கலந்து சுட்ட ஹாட்டிஷ் பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில் கடை விரித்தாள். தட்டேந்திப் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் வந்து சிக்கியது ஐஸ் ஹாக்கி அணி. கேப்டன் ப்ரெட் முன்னால் நிற்க, பின்னால் ஒரு பட்டாளம் சிரித்துக்கொண்டிருந்தது.

"எது வேணா கேக்கலாமா?"

"கேளு."

"மூஸ் மான் தண்ணிக்கு அடியில முங்குமா?"

பட்டாளம் கொல்லென்று சிரித்தது. லின்னியா சிரிக்கவில்லை. "நாளைக்கு வா" என்றாள். மறுநாள் இரண்டு புத்தகங்களோடு வந்து, ஏரியடியில் வளரும் செடியைத் தின்ன மூஸ் முங்கத்தான் செய்யும் என்று படத்தோடு காட்டினாள். ப்ரெட்டின் முகம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து அவளை மடக்குவதே அணிக்கு மதியப் பொழுதுபோக்கு. இன்றைய சூப்பில் என்ன இறைச்சி என்று ஒருநாள் கேட்டார்கள். அவள் நேரே சமையலறைக்குள் நுழைந்து கேட்டுவிட்டு வந்தாள்.

"வான்கோழியாம். நேத்து ரோஸ்ட்டுல மிஞ்சினது."

"சே, தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று ப்ரெட் தட்டைத் தள்ளிவைத்தான்.

கூத்துப் பார்க்க வந்தவர்கள் மெல்ல மெல்லச் சொந்தக் கேள்விகளையும் கொண்டுவந்தார்கள். கட்டுரைக்கு ஆதாரம் எங்கே தேடுவது, வாடகை வீட்டில் பூனை வளர்க்கலாமா, நார்வேக்காரப் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார். லின்னியாவுக்குச் சாப்பிட நேரமில்லாமல் போயிற்று. அதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம்.

குளிர்காலப் பருவத்தில் ஒருநாள், கூடம் காலியான பிறகு கோல்கீப்பர் ஆர்வோ ஹுக்கனன் மட்டும் தயங்கித் தயங்கி வந்தான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. பேச்சோ காதில் விழாது.

"புத்தகத்துல இருக்காத கேள்வியும் கேக்கலாமா?"

"கேட்டாத்தானே தெரியும்?"

"டீமை விட்டுப் போறேன்னு கோச்சுகிட்ட எப்படிச் சொல்றது?"

லின்னியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். என்ன தேடுவதென்று தெரியாமல் மூடி வைத்தாள். "இது தேடிக் கிடைக்காது, ஆர்வோ. வேணும்னா ஒத்திகை பாக்கலாம். நான்தான் உன் கோச். சொல்லு."

"நீயா? அவரு உன்னை மாதிரி மூணு பேரு."

லின்னியா நாற்காலிமேல் ஏறி நின்று குரலைக் கரகரப்பாக்கினாள். "ஹுக்கனன்! என்னய்யா விஷயம்? சுருக்கா முடி!"

ஆர்வோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். "கோச்... நான் போயிடலாம்னு இருக்கேன். போரடிக்குது."

"ஹாக்கி போரடிக்குதா? மினசோட்டாக்காரன் பேசற பேச்சா இது?"

"ஹாக்கி இல்ல கோச். நிக்கறது! எல்லாரும் ஐஸ்ல பறக்கறாங்க, நான் வலைக்கு முன்னாடி காவல்காரனாட்டம் நிக்கறேன். சின்ன வயசுல மத்த பசங்களைவிடப் பெரிசா இருந்தேன்னு அங்க நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. நானும் ஓடணும், ஒரு கோலாவது அடிக்கணும்னு..."

அவன் காதுகள் சிவந்துபோயின.

லின்னியா நாற்காலியிலிருந்து இறங்கினாள். கோச்சின் குரலை விட்டுவிட்டாள். "நீ விடணும்னு நினைக்கறது டீமையே இல்லையேப்பா."

"இல்லபோல" என்றான் ஆர்வோ. சட்டெனத் திரும்பி, நன்றிகூடச் சொல்லாமல் பனிக்காலணி தடதடக்க ஓடினான்.

இரண்டு நாள் அவன் கண்ணில் படவில்லை. அதிகப்பிரசங்கித்தனம் பண்ணிவிட்டோமோ என்று லின்னியா கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ப்ரெட் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"ஏய், எங்க கோல்கீப்பர்கிட்ட என்னத்த சொன்ன?"

"ஏன், என்னாச்சு?"

"இனிமே முன்னாடி ஆடுவேன்ங்கறான்! கோச்சுக்கு ஒரே சிரிப்பு. ரெண்டாவது கோல்கீப்பர் பய எப்படா சான்ஸ் வரும்னு காத்துக்கிட்டு இருந்தானா, அவனை அங்க போட்டாச்சு. இவன் ஆடறதைப் பாக்கணுமே, பீரோவுக்குச் சக்கரம் கட்டி விட்ட மாதிரி இருக்கு!"

"சந்தோஷமா இருக்கானா?"

ப்ரெட் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "இவ்வளவு பேசுவான்னே எங்களுக்குத் தெரியாது. வாயை மூட மாட்டேங்கறான்."

சனிக்கிழமை ஆட்டத்துக்கு லின்னியா மர்லிஸையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆர்வோவை மாற்று ஆட்டக்காரர்களில் கடைசியாகக் கொஞ்ச நேரமே இறக்கினார்கள். வந்த வேகத்தில் எதிரணிக்காரனை விட்டுவிட்டுத் தன் அணிக்காரன்மேலேயே மோத, இருவரும் சுவரோரம் போய் விழுந்தார்கள். கோல் ஒன்றும் அடிக்கவில்லை. எழுந்து நின்றவன் தலைக்கவசத்துக்குள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அரங்கமே எழுந்து கூச்சல் போட்டது.

"இதுக்கும் நம்ம நூலகத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்று மர்லிஸ் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினாள்.

"என்னைக் கேட்டா?" என்று லின்னியாவும் கத்தினாள்.

வசந்தத்தில் மினியாபொலிஸ் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று அவளை வேலைக்கு அழைத்தது. வேண்டாமென்றுவிட்டு நூலகப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். செய்தி கேட்ட அம்மா போனில் சத்தம் போட்டு ஓய்ந்து, கடைசியில் இறங்கிவந்தாள்.

"அது கிடக்கட்டும். தோட்டத்து டூலிப் பூச்செடிக் குருத்தையெல்லாம் முயல் கடிச்சுத் தின்னுது, அதுக்கு என்ன பண்றதுன்னு பாத்துச் சொல்லு."

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று லின்னியா போனை வைத்தாள்.