கடைசிப் பந்து ஆருக்கு

ஐஸ் கட்டியை உடைக்கப் பலம் பெரிதாகத் தேவையில்லை. இடம் தெரிய வேண்டும். தகர அச்சுக்குள் ஊற்றிய தண்ணீர் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி உறைகிறது. உறைய உறைய, தண்ணீருக்குள் இருந்த காற்றும் அழுக்கும் நடுவுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் போக இடமில்லாமல் அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். அதனால்தான் கட்டியின் ஓரம் கண்ணாடி போலவும் நடு வெள்ளையாகவும் இருக்கிறது. ஓரத்தில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சில்லுத்தான் பறக்கும். வெள்ளைக் கோட்டில் ஒரு அடி விழுந்தால் கட்டி இரண்டாகிவிடும்.

இதை எங்களுக்கு விளங்கப்படுத்தியவர் மூர்த்தி அண்ணன். அப்போது ட்றெவரின் வலக்கை அந்தக் கட்டியின் மேல் இருந்தது. அவனது தோளில் ஒருவன் முழங்காலை ஊன்றியிருந்தான்.

"சேர், நீங்க சயன்ஸ் படிப்பிக்கிற ஆள்தானே?" என்று மூர்த்தி அண்ணன் என்னைக் கேட்டார். "கையில இந்த வெள்ளைக் கோடு எங்க கிடக்கு?"

நாங்கள் அங்கே போனது விளையாட்டு உடுப்புக்காக. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மாவட்டக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. சனி பின்னேரப் பயிற்சி முடிந்து கோர்ட்டை விட்டு வெளியே வர, ஒரு ஓட்டோக்காரன் காத்திருந்தான். தன்னாமுனையில் வாவிக்கரையில் மீன் படகுகளுக்கு ஐஸ் விற்கும் கொட்டகை, ஐஸ் வாடி, வைத்திருக்கும் மூர்த்தி அண்ணன் எங்கள் அணிக்குப் புது ஜேர்சி எடுத்துத் தரப்போகிறாராம், மூன்று பேர் வந்து அளவும் நிறமும் சொன்னால் போதுமாம். வினாயகமூர்த்தி என்ற முழுப்பெயரை அவரது லொறிக் கதவில் நான் முன்பே பார்த்திருக்கிறேன். போனோம். அணித்தலைவன் நான், பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. ட்றெவர் எங்கள் நட்சத்திரம். நகரத்தில் இரும்புக் கேற் செய்யும் பறங்கிக் குடும்பத்துப் பிள்ளை, ஆறடி இரண்டங்குலம். லக்ஷன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் செய்பவன், அதிகம் பேசமாட்டான்.

முதலில் பிளேன்ரீயும் பணிசும் வந்தன. மூர்த்தி அண்ணன் கூடைப்பந்துப் பைத்தியம் என்று அப்போதுதான் தெரிந்தது. விடியப்புறம் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற நேரத்தில் அமெரிக்காவில் இரவு ஆட்டம் நடக்கும். ஏற்றியபடியே போனில் பார்ப்பாராம்.

"ஒரு பொயின்ட் குறைவு. நேரம் முடியப் போகுது. உலகத்தில ஆரிட்டக் குடுப்பீங்க கடைசிப் பந்தை? நான் எண்டா கோபி பிரயன்ட். ரெண்டு பேர் மேல விழுந்தாலும் போடுவான்."

"போடுவார். அதே அளவுக்கு விட்டும் இருக்கார்" என்றேன். "ரெண்டு பேர் மேல விழுறாங்க எண்டா, எங்கயோ ஒருத்தன் சும்மா நிக்கிறான் எண்டுதானே அர்த்தம்?"

"ஜோர்டன்" என்றான் ட்றெவர். "தொண்ணூத்தெட்டு. போட்டிட்டுக் கையை மேல வச்சபடியே நிண்டான் மேன், போட்டோவுக்கு நிக்கிற மாதிரி."

"தொண்ணூத்தேழில அதே ஜோர்டன் ஸ்டீவ் கேருக்குப் பாஸ் குடுத்தார். கேர்தான் போட்டார். அத ஏன் ஒருத்தரும் கதைக்கிறதில்ல?"

"சேர் வந்திட்டார்டா பாடம் எடுக்க."

மூர்த்தி அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "தம்பி லக்ஷன், நீ ஆரைச் சொல்லுவாய்?"

"ரே அலன்."

"ஏன் மனே?"

"பின்பக்கமா நடந்து மூலைக்குப் போய்ப் போட்டார். காலைக் குனிஞ்சு பார்க்கல்ல." அவ்வளவுதான் சொன்னான், பணிசைத் தின்னத் தொடங்கினான்.

"சரி, அமெரிக்காவ விடுங்க. உங்கட டீம்ல? நாளைக்கு ஒரு பொயின்ட் குறைவு எண்டா ஆர்?"

"வேற ஆர்?" ட்றெவர் இடது கை விரலால் வலது மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். அமெரிக்க ஆட்டக்காரர் டேமியன் லிலர்ட் காட்டுகிற சைகை அது, நேரம் என்னுடையது என்று அர்த்தம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ட்றெவர் அதைச் செய்வான்.

மூர்த்தி அண்ணன் தலையை ஆட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவன் வாடியின் இழுவைக் கதவை இழுத்து மூடினான்.

முதல் அடி எனக்கு விழுந்தது. ஐஸ் தூக்கும் இரும்புக் கொக்கியின் பிடியால் காதடியில் அடித்தான், பச்சைச் சேர்ட் போட்ட ஒருவன். காதில் அடி விழுந்தால் வலிக்கு முன் தரை சாயும், ஏனென்றால் உடம்பை நேராக வைத்திருக்கும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. நான் விழவில்லை, தரைதான் எழும்பி வந்து என் முகத்தில் மோதியது. அங்கிருந்து பார்த்தபோது ட்றெவர் எழுந்து பச்சைச் சேர்ட்காரனின் மூக்கில் தலையால் இடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. ஓட்டோக்காரன் பின்னாலிருந்து ட்றெவரின் முழங்கால் மடிப்பில் உதைத்தான். அந்த இடத்தில் உதைத்தால் எவ்வளவு பெரிய ஆளும் மடிந்துதான் ஆகவேண்டும். மடிந்தவனை இரண்டு பேர் மாறி மாறி மிதித்தார்கள். லக்ஷன் ஒருவனது கையைக் கடித்துத் தொங்கினான். அவனை அப்படியே தூக்கி ஐஸ் கட்டிகளின் மேல் எறிந்தார்கள். உமிப் படுக்கையில் கிடந்த கட்டிகள் எங்கும் ரத்தம். அது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூர்த்தி அண்ணன் எழும்பவே இல்லை. தன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"கோவமில்ல மக்காள்" என்றார். "நான் மற்றப் பக்கத்துக்குப் பந்தயம் கட்டிப்போட்டன். உங்கட ரெண்டு டீமும் எப்ப மோதினாலும் கடைசி ஒரு கூடையிலதான் முடியுது. அப்ப எனக்கு மெச் முழுக்கத் தேவையில்ல, அந்தக் கடைசிப் பந்து மட்டும் போதும். மூணு பேரையும் உடைச்சா மெச்சத் தள்ளி வைப்பாங்க. ஒரு ஆள் எண்டா ஐஸ்ல வழுக்கி விழுந்திட்டான் எண்டு சொல்லலாம். அதால உடைக்கிற ஆள் பிழையான ஆளா இருக்கப்படாது."

பிறகுதான் ட்றெவரை இழுத்துக் கட்டியின் மேல் கையை வைத்தார்கள், மரச் சம்மட்டி வந்தது, வெள்ளைக் கோட்டுக் கதையும் வந்தது.

என் வாய்க்குள் ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது விளக்கம் மட்டும்தான்.

"அண்ணன், பிழையான ஆளைப் பிடிச்சிருக்கீங்க" என்றேன்.

சம்மட்டி நின்றது. "சொல்லுங்க சேர்."

"பந்து கையை விட்டுப் போறது கடைசியா மணிக்கட்டாலயும் விரலாலயும். விரல் நுனியால பின்பக்கமா ஒரு சுழற்சி கிடைக்கும். அந்தச் சுழற்சி இருந்தா, பந்து கூடை றிங்கில பட்டாலும் வேகம் குறைஞ்சு உள்ளுக்கு விழும். ஆனா தோள் இறுகினா மணிக்கட்டு வேலை செய்யாது. பந்து தட்டையாப் போய் முன் றிங்கில பட்டுத் திரும்பி வரும். தோள் ஏன் இறுகும்? கடைசி நேரம் எண்டு தெரிஞ்சா இறுகும்."

"ம்."

"ட்றெவர் எப்பவும் மணிக்கூட்டைப் பார்ப்பான். எல்லாருக்கும் காட்டுவான். அவனுக்குக் கடைசிப் பந்து குடுத்த மெச்சுகள எண்ணிப் பாருங்க. போட்டது ஒண்டு. விட்டது எல்லாம் முன் றிங். ஒவ்வொரு தரமும் அவன் மேல ரெண்டு பேர் விழுந்தாங்க, மூலையில ஒருத்தன் சும்மா நிண்டான். ஒருக்காலும் பாஸ் குடுக்கல்ல. அவனை உடைச்சா உங்களுக்கு நட்டம் அண்ணன். அவன் விளையாடுறதுதான் உங்களுக்கு லாபம்."

கட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. ட்றெவர் கன்னத்தை ஐஸில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி வாங்கும்போது அவன் முகம் அப்படி இருக்கவில்லை.

"மெய்தான்" என்றார் மூர்த்தி அண்ணன் மெதுவாக. "ஏறாவூர் மெச்சை நானும் பார்த்தனான். முன் றிங்." பிறகு என் பக்கம் சாய்ந்தார். "அப்ப ஆர் சேர்?"

"நான்தான்."

பச்சைச் சேர்ட்காரன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நீ போட்டு நான் ஒரு நாளும் பார்க்கல்லயே" என்றார் மூர்த்தி அண்ணன். "நீ குடுக்கிறவன். ஆருக்குக் குடுப்பாய்?" அவரது கண் என்னைத் தாண்டிப் போனது. "மூலையில சும்மா நிண்டவன் ஆர் மனே?"

விளக்கத்தில் இதுதான் சிக்கல். சரியாகச் சொன்னால் கேட்கிறவர் அடுத்த படியைத் தானே ஏறிவிடுவார்.

லக்ஷன் ஐஸ் கட்டிகளுக்கிடையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். அவன் ஆட்டத்தில் மணிக்கூட்டைப் பார்ப்பதே இல்லை. கடைசிச் சத்தம் அடித்த பிறகும் "முடிஞ்சுதா?" என்று கேட்கிற ஆள். முதல் நிமிடத்தில் அவனது தோள் எப்படி இருக்குமோ கடைசி நொடியிலும் அப்படியே இருக்கும். இது எனக்குத் தெரியும். இப்போது மூர்த்தி அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கையைக் காட்ட, இரண்டு பேர் லக்ஷனை மயிரில் பிடித்துத் தூக்கினார்கள். அவனது வலக்கையை அடுத்த கட்டியின் மேல் விரித்தார்கள். அவன் கத்தவில்லை. அவனது விரல்கள் மட்டும் மூடித் திறந்து மூடின.

"டேய்!"

கத்தியவன் ட்றெவர்.

"அந்தப் பொடியனா? உனக்கு என்ன மேன் தெரியும் பாஸ்கட்போல்? ஐஸ் விக்கிறவன் ஐஸ் வித்துக்கொண்டு இரு! இந்த வாத்தி என்னில எரிச்சலில கதைக்கிறான். பத்து வருசமா எரிச்சல். முன் றிங்காம்! காச்சலோட ஆடின மெச்சுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்றான்!"

"ட்றெவர், வாயை மூடு" என்றேன்.

"நீ மூடுடா! நாளைக்கு எனக்குத்தான் தருவாய். ஏன் தெரியுமா? எனக்குத் தராட்டி சனம் உன்னைக் கல்லால எறியும். இவன் மூலையில நிண்டா என்ன, மரத்தில நிண்டா என்ன? பந்து அவனிட்டப் போகாது. போகாத பந்துக்கு என்னத்துக்குக் கையை உடைக்கிறீங்க?" அவன் மூர்த்தி அண்ணனின் காலடியில் ரத்தத்தைத் துப்பினான். "கோபி எண்டு சொன்னீங்களே. கோபி பாஸ் குடுப்பானா? ரெண்டு பேர் மேல விழுந்தாலும் போடுவான் எண்டீங்களே. அது நான். நாளைக்கு முழுக் கையோட நான் நிண்டா உங்கட பந்தயம் வாவிக்குள்ள!"

மூர்த்தி அண்ணன் சம்மட்டியைத் தரையில் ஊன்றி யோசித்தார். என் கணக்கு ஒரு பக்கம். அவர் விடியப்புறங்களில் பார்த்துப் பார்த்து நேசித்த ஆட்டம் மறுபக்கம். விசிறிகள் கணக்கை ஒத்துக்கொள்வார்கள், ஆனால் கடைசியில் கணக்கின்படி நடக்கமாட்டார்கள். ஏறாவூரில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். முன் றிங்கில் பந்து பட்டபோதும் சனம் ட்றெவரின் பெயரைத்தான் கத்தியது.

ட்றெவரைக் காட்டி "இவன்தான்" என்றார். லக்ஷனை விட்டார்கள்.

பிறகு என்னிடம் திரும்பினார். "சேர், கடைசிக் கேள்வி. எங்க?"

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பெருவிரலின் அடியில் படகு போல ஒன்று. அதற்கு ரத்தம் வருவது ஒரு ஒடுங்கிய வழியால். அது உடைந்தால் சில பேருக்குப் பொருந்தவே பொருந்தாது. முன்கையின் நீள எலும்புகள் அப்படியல்ல. அவை உடைந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் வைத்தியர்கள் தகடு வைத்துப் பூட்டுவார்கள், இளம் உடம்பில் நன்றாகப் பொருந்திவிடும்.

நான் தவழ்ந்து போய் ட்றெவரின் முன்கை நடுவில் விரலை வைத்தேன். "இதில" என்றேன். "இதில போனா வாழ்நாளுக்கும் போட ஏலாது."

"படிச்ச ஆள் படிச்ச ஆள்தான்" என்றார் மூர்த்தி அண்ணன். சம்மட்டியை ஓங்கினார்.

ஐஸ் கட்டியும் உடைந்தது. அவர் சரியான கோட்டில்தான் அடித்திருந்தார். ட்றெவரின் கை இரண்டு பாதிகளுக்கும் நடுவே, மடியக்கூடாத இடத்தில் மடிந்து கிடந்தது. அவன் கத்திய சத்தத்தில் வெளியே கொக்குகள் எழும்பிப் பறந்தன. பச்சைச் சேர்ட்காரன் தன் மூக்குக்காக ஒரு உதை கூடுதலாக உதைத்தான். பிறகு கதவைத் திறந்தார்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

மூர்த்தி அண்ணன் உடைந்த ஐஸை ஒரு உரப்பையில் அள்ளி லக்ஷனிடம் கொடுத்தார். "வீங்க விடாதீங்க" என்றார், உண்மையான அக்கறையோடு.

றோட்டில் எங்களை ஏற்றிக்கொண்ட ஓட்டோ வேறு ஆளுடையது. எங்கள் முகங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பெரியாஸ்பத்திரிப் பக்கம் விரட்டினான். நடுவில் ட்றெவர். கையின் கீழே என் பயிற்சிப் பையை முட்டுக் கொடுத்து, சேர்ட்டால் கட்டியிருந்தேன். உடைந்த எலும்புக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுகள் இரண்டும் அசையாமல் இருந்தால் வலி பாதியாகும். லக்ஷன் ஐஸ் பையைப் பிடித்திருந்தான். ஒவ்வொரு குழியிலும் ட்றெவர் பறங்கிப் பாசையில் யாரையோ ஏசினான்.

"பொலிசுக்கு?" என்றேன்.

"மெச் முடியட்டும்" என்றான் ட்றெவர்.

கொஞ்சத் தூரம் போனது.

"நீ சொன்னதெல்லாம் மெய்யா?" என்று கேட்டான் ட்றெவர். "என்னைக் காப்பாத்தச் சொன்னதா, மெய்யா?"

அவன் கையைப் பார்த்தபிறகு எனக்குப் பொய் வரவில்லை. "ரெண்டும்."

"ம்." கண்ணை மூடிக்கொண்டான். "தோள் இறுகிறது எனக்கும் விளங்கும் மேன். பந்து கையில வந்த உடன இறுகும். அவன் மூலையில நிக்கிறதும் கண்ணில படும். எண்டாலும் குடுக்க மனம் வராது."

"இண்டைக்குக் குடுத்தாய்."

"வாயை மூடு." அடுத்த குழி வந்தது. அவன் பல்லைக் கடித்தான், நெற்றியில் வேர்வை முளைத்தது. "ஆனா ஏறாவூர் மெச் முன் றிங் இல்ல. பக்க றிங். நீ நிண்ட இடத்தில இருந்து தெரிஞ்சிருக்காது."

"முன் றிங்தான்."

"பக்க றிங்டா!"

ஐஸ் பை நடுங்குவதைக் கண்டுதான் நாங்கள் இருவரும் லக்ஷனைப் பார்த்தோம். அவனுடைய வலக்கை. இத்தனை காலத்தில் அது நடுங்கி நான் பார்த்ததில்லை. அவனுக்கு இன்றைக்குத்தான் மணிக்கூட்டைக் காட்டியிருந்தோம்.

"ட்றெவர் அண்ணன்" என்றான். "நாளைக்கு நான் போட்டது போகாட்டி?"

ட்றெவர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். வீங்கிய உதட்டால் சிரிக்க முயன்றான். அது வலித்திருக்க வேண்டும்.

"போகாட்டி உன்ட கைய நான் உடைப்பன்" என்றான். "எனக்கு இடக்கை நல்லாத்தான் கிடக்கு."

லக்ஷன் சிரித்துவிட்டான். ஐஸ் பையின் நடுக்கம் நின்றது.