பாகு காய்ச்சியவள் பேர்

1

இந்தக் கதை உக்கடத்தில், பஷீர் பாயின் பழைய பேப்பர் கடையில் பிறந்தது. பெண்கள் படிக்கிற வாரப் புத்தகத்தின் தீபாவளி மலர். தீபாவளி வருவதற்குள்ளேயே எடைக்கு வந்துவிட்டது. கட்டிலிருந்து நழுவி விழுந்ததை எடுத்துப் பிரித்தேன். அதில் என் பெண்டாட்டி கருப்பாத்தாள் செய்த பலகாரம் இருந்தது. கலர் படம். அவள் சமையல் வேலை பார்க்கிற ரேஸ்கோர்ஸ் பங்களாவின் மருமகள் பிரத்யுஷா தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். 'பண்டிகை பாம்பே டோஸ்ட், வீட்டுப் பாகுடன். எங்கள் குடும்ப ரகசியம்.' முதல் பரிசு, பிரஷர் குக்கர்.

கருப்பாத்தாள் என்ற பேர் எங்கேயும் இல்லை. பின்னட்டை வரைக்கும் தேடினேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். முப்பத்தொரு வருஷம் பஞ்சாலையில் நூல் ஓட்டியவன். கதை எழுதத் தெரியாது. ஆனால் பொய் அச்சில் வந்தால் பதிலும் அச்சில் வர வேண்டும். அதே புத்தகம் கதைப் போட்டியும் வைத்திருக்கிறது. அதற்குத்தான் இது.

2

முதல் தொடக்கம்: 'மார்கழிப் பனி ரேஸ்கோர்ஸ் மரங்களின் மேல் மெல்லப் படர்ந்த ஒரு காலைப் பொழுதில்...'

வேண்டாம். பனியைப் பற்றி எனக்கென்ன வந்தது.

இரண்டாவது தொடக்கம்: 'திருடி.'

இது நன்றாக இருக்கிறது. போட்டியில் சேர்க்க மாட்டார்கள்.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். (நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நானும் உங்களை நம்பவில்லை. அந்த மலரை வாங்கினவர்கள்தானே நீங்கள்.)

3

போன டிசம்பரில் பிரத்யுஷாவின் கொழுந்தன் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். விடிந்தால் கிறிஸ்துமஸ். அந்த ஊரில் பண்டிகைக் காலையில் முட்டையில் தோய்த்த ரொட்டியைச் சுட்டு மேலே பாகு ஊற்றித் தின்பார்களாம். ஏதோ மரத்துப் பாலைக் காய்ச்சின பாகாம். கோயமுத்தூர் முழுக்கத் தேடியும் ஒரு பாட்டில் கிடைக்கவில்லை.

கருப்பாத்தாள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொட்டியும் முட்டையும் பெரிய விஷயமில்லை, பேக்கரிக்குப் பேக்கரி பாம்பே டோஸ்ட் போடுகிறான். பாகுதான் வித்தை. அவள் நாட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தாள். சர்க்கரையில் மண் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய வேட்டித் துணியில் இரண்டு தரம் வடிகட்டினாள். தட்டின சுக்கு, இரண்டு ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று. விரலில் ஒட்ட வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, கட்டிப்போகாமல் இருக்க எலுமிச்சை நாலு சொட்டு. முந்தின நாள் ரொட்டியை முட்டையும் பாலும் கலந்ததில் முக்கி, தோசைக்கல்லில் நெய் விட்டுச் சுட்டாள்.

கொழுந்தன் ஆறு துண்டு தின்றான். "இதுக்கு முன்னாடி அந்த பாட்டிலெல்லாம் ஒண்ணுமே இல்ல அண்ணி" என்றான்.

அண்ணியிடம் சொன்னான். கவனித்தீர்களா?

அடுத்த நாள் பிரத்யுஷா ஒரு நோட்டோடு வந்து அளவு கேட்டார். கருப்பாத்தாள் ஒன்றுவிடாமல் சொன்னாள்.*

* ஒன்று விட்டாள். துணியில் வடிகட்டுவதைச் சொல்லவில்லை. ஒளித்தாள் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. கேட்டதற்கு, "மண்ணை வடிகட்டோணும்னு கூடவா சொல்லித் தரணும்?" என்கிறாள்.

4

மேலே உள்ளதை இன்று மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாளைக்குத் தீபாவளி. பங்களாவில் லேடீஸ் கிளப்புக்காரர்கள் நாற்பது பேர் வருகிறார்கள், பரிசு வாங்கின பலகாரத்தைத் தின்ன. இவள் இன்றைக்கு ஆறு மணி பஸ்ஸில் போய் அங்கேயே தங்கிக் காய்ச்ச வேண்டும். போகாதே என்று காலையிலிருந்து சொல்கிறேன்.

"ஏனுங்க, அந்தம்மாளை ஒரேயடியாக் கெட்டவளா எழுதியிருக்கீங்க?"

"பின்னே?"

"நான் காய்ச்சல்ல கெடந்தப்ப கார் எடுத்துட்டு வந்து ஆஸ்பத்திரில சேத்தது யாருங்க? அதையும் எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

(எழுதிவிட்டேன். ஒழியட்டும்.)

"குக்கர் கூடக் குடுத்தாங்க."

குடுத்தார். பரிசுக் குக்கரை வைத்துக்கொண்டு பழசைக் கொடுத்தார். அதற்குக் கேஸ்கட் இல்லை. மூன்று வாரமாக அதில் நாங்கள் அரிசி கொட்டி வைத்திருக்கிறோம்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அ. நாற்பது பேர் முன்னால் கருப்பாத்தாள் பாகுச் சட்டியைக் கவிழ்க்கிறாள்.

ஆ. பாகில் ஒரு கை உப்பைப் போடுகிறாள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில்...

இ. கூடத்தின் நடுவில் போய் நின்று, "இது என்ற கையால செஞ்ச பலகாரமுங்க" என்கிறாள்.

"அடுப்புல வெச்ச பாகை நானே கெடுப்பனுங்களா? கை வராதுங்க. மூணாவதும் வேண்டாம். தட்டு தூக்கிட்டுப் போறவ நடு ஊட்டுல நின்னு பேசுனா, அவிய என்னைப் பாக்க மாட்டாங்க, தட்டைத்தான் பாப்பாங்க."

"உனக்கு ரோசமே இல்லையா புள்ளே?"

"இருக்குதுங்க. அந்தப் படத்தைப் பாத்த அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல. உங்களுக்குத்தான் தெரியல."

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

6

ஐந்தரை மணிக்குப் பையில் சுக்கையும் ஏலக்காயையும் போட்டுக்கொண்டே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். முதல் தாளின் தலையில் பெரிதாக எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தாள்.

"உக்...கடம்... ரா...சப்பன். உங்க பேருங்களா?"

"கதை எழுதினவன் பேரைத்தான் மேலே போடுவாங்க."

"என்ற பேரு?"

"உள்ளே இருக்குது. நெறைய எடத்துல."

விரலைத் தாளிலிருந்து எடுத்தாள்.

"அந்தம்மா உள்ளயும் போடல. நீங்க உள்ள போட்டிருக்கீங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

"அவளும் நானும் ஒண்ணா?" என்று கத்தினேன். பக்கத்து லைன் வீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள்.

"அந்தம்மா அளவு கேட்டாங்க, எதுக்குன்னு சொல்லல. நீங்க படிச்சுக் காட்டுனீங்க, எழுதட்டுமான்னு கேக்கல. பரிசு வந்தா நீங்களும் போட்டோவுக்கு நிப்பீங்க." பையைத் தூக்கினாள். "வாரேனுங்க."

போய்விட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று நான் பார்க்கவில்லை. கோபம். யார் மேல் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

7

மேலே இருந்த என் பேரை அடித்துவிட்டேன். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. அவள் பேரை அங்கே எழுதப் போனேன். அதற்கும் அவளைக் கேட்கவில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இதை எழுதும்போதுதான் கவனித்தேன். அந்த வேட்டித் துணி, துவைத்தது, கொடியில் தொங்குகிறது. பங்களாத் துணியெல்லாம் வழவழவென்று இருக்கும், பாகு இறங்காது என்று அவளேதான் சொல்வாள். பத்து மாதத்தில் ஒரு நாளும் அவள் அதை மறந்ததில்லை. கை வராது என்று சொன்னவளும் அவள்தான்.

மறந்தாளா, விட்டுவிட்டுப் போனாளா? பஸ் வர இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது. ஓடினால் பிடித்துவிடலாம். நான் எழுந்திருக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த முடிவை நான் எழுத மாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் அந்த நாற்பது பேரில் ஒருவர் கட்டாயம் இருப்பீர்கள். பல்லில் மண் நறநறத்ததா இல்லையா என்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நறநறத்திருந்தால், யார் காய்ச்சினது என்று அந்த அம்மாவைக் கேளுங்கள். அன்றைக்கு ஒரு நாளாவது கருப்பாத்தாள் பேரைச் சொல்வார்.