மூப்பர் வாயிலிருந்த அப்பம்

1927 மார்ச்சில், சாலைக் கம்போளச் சந்தைக்குப் பின்னாலிருந்த தமிழ்ச் சபையில், எண்பத்து மூன்று பேர் வாயில் வைத்த திருவிருந்து அப்பம் கரையவில்லை. விழுங்கவும் முடியவில்லை. துப்பலாமா என்றால், துப்புகிறவனுக்கு ஒரு வருஷம் விலக்கு என்று மூப்பர் நேசையன் எழுதிவைத்த சட்டம் இருந்தது. அவர் எதற்குத்தான் சட்டம் எழுதவில்லை? ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவினால்கூட ஒரு மாசம். பாதிரியாரும் அதற்குத் தலையாட்டுவார். ஆகவே சபையார் அவரவர் அப்பத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்த அப்பத்தைச் சுட்டவள் தாசம்மாள். பத்து வருஷமாக அவள்தான் சுடுகிறாள். முந்தின மாசம் வித்துராவில் அவள் தங்கை பகவதி பிரசவத்தில் செத்துப்போனாள். தங்கை வேதத்தில் சேராதவள். சாகக் கிடக்கும்போது நெற்றியில் திருநீறு பூசிவிடச் சொன்னாள், அக்காள் பூசிவிட்டாள். மூப்பர் அவளைச் சபை நடுவில் நிறுத்தி, தப்பென்று ஒத்துக்கொள்ளச் சொன்னார். "கேட்டா, பூசுனேன். இனி அவ கேக்கவா போறா?" என்றாள். ஒத்துக்கொள்ளும் மட்டும் திருவிருந்து விலக்கு. ஆனால் வேறு யார் சுட்டாலும் அப்பம் கல்லு மாதிரி இருக்குமாம். அதனால் சுடுவதற்கு விலக்கில்லை, தின்பதற்குத்தான். இப்படி ஒரு நியாயம் எந்தக் கோர்ட்டுக் கச்சேரியில் நடக்கும்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று கம்போளத்துக்காரர்கள் சிரித்தார்கள். தாசம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த அப்பம் வேண்டும், அவ்வளவுதான். தட்டு தன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை, காய்கறி விற்கும் சரோஜம் வீங்கின கன்னத்தோடு வந்து, சூனியக்காரி என்று ஏசினாள். "தொண்டை வறண்டு போச்சே பிள்ளே, இதைக் குடிச்சிட்டு ஏசு" என்று தாசம்மாள் கஞ்சித்தண்ணி கொடுத்தாள். ஒரே மடக்கில் அப்பம் கரைந்து இறங்கியது. சனிக்கிழமைக்குள் மூப்பர் தவிர எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து குடித்துப் போனார்கள். மாசாமாசம் அப்படியே நடந்தது. அவளுக்காக மூப்பரிடம் ஒரு வார்த்தை பேச ஒருத்தருக்கும் துப்பில்லை.

விலக்குப்பட்டவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பதும் மூப்பர் எழுதினதுதான். மூன்றரை வருஷம் கடைவாய் வழியாக நீராகாரம் ஊற்றி மனைவி ராகேல் அவர் உயிரைப் பிடித்துவைத்தாள். 1930 ஓணத்துக்கு மறுநாள் தாசம்மாளே கஞ்சித்தண்ணிச் செம்போடு அவர் வீட்டுக்குப் போனாள். வீடு தன்னுடையது என்பதால் சட்டம் தடுக்கவில்லை, குடித்தார். கரைந்தது. அப்பம் வெளியே விழுந்துவிடுமோ என்று மூன்றரை வருஷம் வாய் திறக்காதவர் முதலில் கேட்டது: "தப்புன்னு சொல்லுதியா, இல்லியா?"

"இல்ல மூப்பரே" என்று செம்பைக் கழுவிக்கொண்டு அவள் போனாள்.

அடுத்த திருவிருந்தில் சரோஜம் தன் அப்பத் துண்டில் பாதியை மட்டும் வாயில் போட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். கஞ்சித்தண்ணி குடிக்கப் போன இடத்தில் அவிழ்த்துக் கொடுத்தாள். தாசம்மாள் நாக்கில் வைத்தாள். வைத்த உடனே கரைந்தது. அதற்குப் பிறகு மற்றவர்களும் பாதியைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மூப்பர் அதற்கும் ஒரு சட்டம் எழுதினார். தன் அப்பத்தை வாயில் வைக்குமுன் அவர் அதை வாசித்தபோது மற்ற எல்லார் வாயிலும் அப்பம் இருந்தது. வாசித்து முடித்ததும் பாதிரியார் முன்னால் நடக்க, சபை பாதி அப்பத்தோடு தாசம்மாள் வீட்டுக்குப் போனது.