கண்ணாடியில் எழுதிய எண்

ட்ரூடி நோவிட்ஸ்கிக்கு வயது அறுபத்தொன்று. தம்பி கேஸியிடம் எதிலும் தோற்றுப் பழக்கமில்லை. இன்று தோற்றால் கொட்டகை போய்விடும்.

இருவரும் வசிக்கும் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கார் கொட்டகை. அதில் நிற்பது அவளுடைய 1965 கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார். போன மாதம் கேஸி புத்தம்புது கார்வெட்டோடு வந்து இறங்கி, அந்த இடத்தைக் கேட்டான். மிச்சிகன் பனிக்காலத்தில் தெருவோரம் நின்றால், பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு பழைய வண்டியின் அடிச்சட்டத்தை அரித்துத் தின்றுவிடும். "சனிக்கிழமை பந்தயத்துல பாத்துக்கலாம்டா. ஜெயிக்கிறவங்களுக்குக் கொட்டகை" என்றாள் ட்ரூடி.

அந்தப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. கால் மைலை எத்தனை வினாடியில் கடப்போம் என்று அவரவரே ஷூ பாலிஷால் முன்கண்ணாடியில் எழுத வேண்டும். இருவர் எழுதிய எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு, மெதுவான வண்டிக்கு முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். முதலில் கோட்டைத் தாண்டுபவருக்கு வெற்றி; ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடினால் ஆட்டம் காலி.

காலையில் ட்ரூடி மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் விண்விண்ணென்று வலித்தது. மூன்று முறையும் பதினாலு புள்ளி ஒன்பதை ஒட்டியே வந்தது. அதையே எழுதினாள்.

கேஸி காபியோடு வந்து நின்றான். "எனக்குக் கிளட்சே கிடையாதுக்கா. சீட்டுல குளுகுளுன்னு காத்து வருது. உன்னுது ரொட்டி சுடுற அடுப்பு."

"கியர் மாத்தக்கூட உனக்கு ஆள் வேணுமாடா?"

அவன் எழுதியது பதினொன்றரை. அந்த வண்டி அதற்கும் குறைந்த நேரத்திலேயே ஓடும் என்று அவளுக்குத் தெரியும். துரத்திப் பிடித்துவிட்டு, எழுதிய நேரத்துக்குக் கீழே போய்விடாமல் கோட்டருகே லேசாகப் பிரேக் மிதிப்பான். பலரும் செய்யும் தந்திரம்தான்.

அவளுக்குப் பச்சை விழுந்தது. மூன்று வினாடிக்கும் மேல் பாதை அவளுடையது மட்டும். வண்டி தடதடத்தது. பின்னால் உறுமல் நெருங்கியபோது, மூன்றாம் கியரை இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொல்லி மனம் பதறியது. மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். காலையில் மாற்றிய அதே இடத்தில் கியரை மாற்றினாள்.

கோட்டுக்குச் சற்று முன்னால் கேஸி சர்ரென்று தாண்டினான், ஜன்னல் வழியே கையை வேறு ஆட்டிக்கொண்டு.

ஆனால் வெற்றி விளக்கு எரிந்தது அவள் பக்கம். நேரம் காட்டும் அவளுடைய பலகையில் 14.93. அவனுடையதில் 11.24, எழுதியதைவிட வேகம்.

வண்டிகள் திரும்பி வந்து நின்றன. "ஏன்டா பிரேக் மிதிக்கல?"

"மிதிக்கத்தான் இருந்தேன்." கேஸியின் காதெல்லாம் சிவந்திருந்தது. "பொறந்ததுலேருந்து இப்பதான் உன்னை முந்தறேன். காலு வரலக்கா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கொட்டகையை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"உன் வண்டிதான்டா வேகம். எழுதியே தரேன்" என்றாள். ஷூ பாலிஷை எடுத்து, அவன் கண்ணாடியிலிருந்த பதினொன்றரையை அடித்துவிட்டு, பெரிதாக எழுதினாள்: தெருவோரம்.