தோலில் இருப்பது

மாமனார் சமையலறை வாசலில் சரிந்து விழுந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாக்கு வறண்டு, பேச்சு குழறியது. மருத்துவமனையில் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், "மாத்திரை ஒழுங்கா போடறாரா?" என்றார்.

"நிறுத்திட்டேன்," என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே. "என் மருமக கண்டுபிடிச்ச மருந்தைச் சாப்பிடறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பருப்பு ஆலைகள் மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளிவிடும் உளுந்துத் தோலைத்தான் அவள் ஆய்வுக்கூடத்தில் அரைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். நார்ச்சத்து அதில் மண்டிக் கிடந்தது. மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதை அதன் சாறு மெதுவாக்கியதைக் கண்ட அன்று, வீட்டுக்கு வந்து மூச்சுவிடாமல் பேசினாள். கணவன் போனிலிருந்து கண்ணெடுக்கவில்லை. ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான மாமனார்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இதெல்லாம் சோதனைக்குழாயில் மட்டும்தான் என்று சொன்னோமா, இல்லையா? இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவரோ ஆலையிலிருந்து ஒரு மூட்டையே வாங்கி அரைத்து வைத்திருந்தார்.

மறுநாள் அவர் தெளிந்து உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏன் மாமா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே?"

"அவர் சொன்னதைப் பயந்து கேட்டேன். நீ சொன்னதைப் பெருமையா கேட்டேம்மா."

கோபப்பட வந்தவள் அவர் போர்வையைச் சரிசெய்தாள்.

"அப்ப அதுல ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு மாமா. சாப்பாட்டோட சேர்த்துக்கலாம். ஆனா மனுஷ உடம்புல என்ன பண்ணும்னு இன்னும் தெரியாது. மாத்திரைக்குப் பதிலா ஆகாது."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்ல, "பார்க்குல சர்க்கரை இருக்கற நம்ம சிநேகிதங்க மூணு பேருக்கும் இதை டப்பால போட்டுக் குடுத்திருக்கேன்," என்றார்.

வீடு திரும்பிய அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார். தானே போய்ச் சொல்வதாக அவள் எவ்வளவோ மன்றாடினாள். "குடுத்தப்ப கைதட்டு வாங்கினது நான். திட்டும் நானே வாங்கிக்கறேன்."

பூங்காக் கதவருகே அவள் நின்றுகொண்டாள். ஊசி குத்திய கையை மறு கையால் பிடித்தபடி அவர் பெஞ்சை நோக்கி நடந்தார். பேச்சு கேட்கவில்லை. ஒருவர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒல்லியான மனிதர் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தார். கருப்புத் தூளை விரலால் தொட்டு முகர்ந்தார். அதைக் கொட்டுவதா மூடுவதா என்று தெரியாதவர்போல, திறந்த டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.